உப்புக்காற்றில் நிற்கும் பழைய கேரவன்: மின்பழுது, கூரைக் கசிவு, அடிச்சட்டத் துரு

உச்சிப்புளி வண்டி:

அனைவருக்கும் வணக்கம். டெம்போ டிராவலர் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட பழைய கேரவன் ஒன்றை வைத்திருக்கிறேன். முன்பு கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது உச்சிப்புளியில், கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் நிற்கிறது. குடும்பத்தோடு அரிச்சல்முனைக்கும் ஏர்வாடிக்கும் மூக்கையூருக்கும் போய்வருவதற்குத்தான் இதைப் பயன்படுத்துகிறோம். எஞ்சினில் பெரிய குறை எதுவும் இல்லை. வீட்டுப் பகுதியில்தான் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலாவது, 12 வோல்ட் குளிர்பெட்டி இரவில் தானாக நின்றுவிடுகிறது. காலையில் கூரையிலுள்ள சோலார் தகட்டில் வெயில் ஏறிய பிறகு மறுபடி ஓடுகிறது. தண்ணீர் பம்பு ஓடும்போது உள்விளக்குகள் மங்குகின்றன. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஆயினும் நிலைமை அப்படியே இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது புதிய பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகிறது. இப்போது ஆல்டர்னேட்டரையும் குளிர்பெட்டியின் கம்ப்ரசரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள்.

இரண்டாவது, கூரையின் பின்பக்க இடது மூலையில் ஒட்டுப்பலகை ஊறி, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. மூன்றாவது, பின்சக்கர வளைவுக்குள்ளும் அடிச்சட்டத்தின் குறுக்குச் சட்டங்களிலும் துரு அடுக்கடுக்காக உரிகிறது. செலவு செய்வதற்கு முன் எதை முதலில் பார்ப்பது முறை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய பணிமனை (பரமக்குடி):

தம்பி, இப்போதைக்கு எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஐயம் வருவது எர்த் இணைப்பின் மீதுதான், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகடிவ் முனைக்குத் திரும்பும் வழியின் மீது. பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த காலத்தில், கடலோரத் தடங்களில் ஓடும் வண்டிகளின் மின்பழுதுகளில் பெரும்பகுதி அங்கேதான் முடியும். பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் 12.5 வோல்ட் என்பது பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்த மின்சாரம் பம்பு வரைக்கும் குளிர்பெட்டி வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதை அது சொல்லாது.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் அளவில் வையுங்கள். தண்ணீர் பம்பை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மறுமுனையைப் பம்பின் எர்த் வயர் முனையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே எர்த் என்பதால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு மின்சாரத்தை விழுங்குகிறது என்று பொருள். பின்னர் இதேபோல பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பம்பின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பம்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது எவ்வளவு கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பாகவே மீட்டரில் தெரியும்.

குளிர்பெட்டி இரவில் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இவ்வகைக் கம்ப்ரசர்கள் பலவற்றில் பேட்டரியைக் காப்பதற்காக ஒரு காவல் அமைப்பு உண்டு. தன் முனைக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும், மீண்டும் 11.7 அளவுக்கு ஏறினால்தான் ஓடவிடும். பகலில் சோலார் தகடு பேட்டரியை 13 வோல்ட்டுக்கு மேல் தூக்கி நிறுத்துவதால் வழியில் கொஞ்சம் இழந்தாலும் போதுமானது வந்து சேரும். இரவில் அந்தத் தாங்குதல் இல்லை. கம்ப்ரசர் கெட்டிருந்தால் அது பகல் இரவு பார்த்து நிற்காது.

ஆல்டர்னேட்டரைப் பற்றி முடிவு செய்ய எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

கீழக்கரை மின்வேலை:

பரமக்குடி ஐயா சொன்னதே சரியான தொடக்கம். நான் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

நம் கரையில் உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியூரில் வண்டி கட்டுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மண்டபத்திலும் பாம்பனிலும் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தொடும். ஆகவே மழை பெய்யாவிட்டாலும், வண்டி கடல் நீரைத் தொடாமல் கொட்டகைக்குள் நின்றாலும், ஒவ்வோர் இணைப்பும் இரவில் உப்புநீரில் நனைந்து பகலில் காய்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கருத்துப்போயிருப்பது இதனால்தான். முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு ஏறியிருந்தால் அந்த வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது வயரின் பருமன். கேரவன் கட்டும் இடங்கள் சிலவற்றில் வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே 12 வோல்ட்டுக்கும் இழுத்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து பம்பு 6 மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் 12 மீட்டர் வயர் ஆகிறது. 8 ஆம்பியர் ஓடும்போது வயரில் மட்டும் ஏறக்குறைய 0.66 வோல்ட் போய்விடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.28 வோல்ட்டுக்குள் அடங்கும். 230 வோல்ட்டில் யாருக்கும் தெரியாத இந்த இழப்பு 12 வோல்ட்டில் ஒரு குளிர்பெட்டியை நிறுத்தப் போதுமானது.

எர்த்தை வண்டியின் தகரத்தில் திருகுவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாகத் திரும்பு வயர் இழுத்து, பேட்டரிக்கு அருகில் ஒரே செம்புப் பட்டையில் சேர்ப்பதே இந்தக் கரைக்குப் பொருந்தும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். படகுகளுக்கு வேலை செய்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும் இடத்தைச் சொல்வார்கள். வயரின் முனையில் மாட்டும் லக்கை (உலோக வளையம்) முறையாக அழுத்திக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயை அதன்மேல் ஏற்றிச் சூடு காட்டுங்கள். போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் முதன்மை ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். உரசி அறுந்த ஒரு வயர் வண்டியையே எரித்துவிடும்.

தொண்டிப் பயணி:

எங்கள் வண்டியிலும் குளிர்பெட்டி நின்றுபோனது. ஆனால் காரணம் வேறு. பெட்டியின் பின்புறத்தில் சூடு வெளியேற இடமில்லாமல் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் வைத்த பிறகு சரியாயிற்று. உங்கள் பெட்டி இரவில் நிற்பதால் இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அளக்கும்போது பம்போடு நிறுத்திவிடாமல், குளிர்பெட்டியின் முனையிலும் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நொடியில் அளந்து பாருங்கள். தொடங்கும்போதுதான் அது அதிக மின்சாரம் இழுக்கும்.

உச்சிப்புளி வண்டி:

ஐயாவுக்கும் கீழக்கரை காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) தொண்டிச் சகோதரிக்கும் நன்றி. சொன்னபடியே அளந்து பார்த்தேன். பம்பு ஓடும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட், பம்பின் முனையில் 10.9 வோல்ட். இடையில் போன 1.5 வோல்ட்டில் எர்த் பக்கம் மட்டும் 1.1, பாசிட்டிவ் பக்கம் 0.4. எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனபோது, பின்சக்கர வளைவுக்கு மேலே தகரத்தில் திருகிய ஒரே ஒரு திருகில் பம்பு, குளிர்பெட்டி, விளக்குகள் எல்லாவற்றின் எர்த்தும் சேர்ந்திருந்தன. லக் பச்சை பூத்து, திருகைச் சுற்றித் தகரம் துருவாகி உதிர்ந்துகொண்டிருந்தது.

இப்போதைக்கு அங்கிருந்து பேட்டரியின் நெகடிவ் முனைக்கு நேராக ஒரு தடித்த கேபிள் இழுத்திருக்கிறேன். எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட்டுக்கு வந்துவிட்டது, விளக்குகள் மங்கவில்லை, குளிர்பெட்டி இரவு முழுவதும் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட் வருகிறது. ஆகவே ஆல்டர்னேட்டரும் கம்ப்ரசரும் இருந்தபடியே இருக்கட்டும். காக்கா சொன்ன முறையில் தனித்தனித் திரும்பு வயர்களை அடுத்து இழுக்கப் போகிறேன். முதன்மை ஃபியூஸ் இருக்கிறது.

இனி கூரையைப் பற்றிக் கேட்க வேண்டும். மூலையில் சிலிக்கான் பூசினால் போதும் என்கிறார்கள். அது நிற்குமா?

பாம்பன் பைபர்:

நிற்காது, அண்ணா. அடுத்து வேலை செய்பவருக்கும் அது இடையூறாக இருக்கும். சிலிக்கான் ஒருமுறை பூசிய இடத்தில் பெயிண்டோ வேறு பசையோ ரெசினோ எதுவும் பிடிக்காது; கத்தியால் சீவி, கரைப்பான் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த பிறகுதான் எதையும் தொடங்க முடியும். அதிலும் காடி வாடை வீசும் மலிவான சிலிக்கான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். அது தகரத்தையும் செம்பையும் தானே அரிக்கத் தொடங்கிவிடும்.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையில் நுழைந்த நீர் சட்டத்தின் வழியாக ஓடித் தாழ்ந்த மூலையில் இறங்கும். உங்கள் வண்டி எப்போதும் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். பின் இடது பக்கம் தாழ்வாக இருந்தால், ஓட்டை முன்பக்கக் காற்றுத் துவாரத்திலோ சோலார் தகட்டின் கால்களிலோ கூட இருக்கலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரைக் கீழ்ப் பொருத்தில் தொடங்கி மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாப் பொருத்துகளும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஓட்டை தெரிந்ததும் அந்தப் பொருத்தை முழுதாகக் கழற்றுங்கள். சுத்தம் செய்து, அடியில் பியூட்டைல் நாடா வைத்து மறுபடி இறுக்கி, விளிம்பில் பாலியுரிதேன் சீலன்ட் கொடுங்கள். அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் திருகு போட்டிருந்தால், திருகைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கும். இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். திருகுக்கு அடியில் நைலான் வாஷர் போட்டு, ஓட்டைக்குள் சீலன்ட் நிரப்பி முறுக்கினால் அது பல காலம் தாங்கும்.

ஊறிய பலகையைத் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். அழுகிய பலகையில் ஓசை மங்கி விழும். மங்கலாக ஒலிக்கும் இடத்தைத் தாண்டி, நல்ல பலகை வரும் வரையில் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஈரம் முழுவதும் காயாமல் அதன்மேல் பைபர் (ரெசினில் நனைத்த கண்ணாடியிழை) போட்டால், நீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

நீங்களே பைபர் போடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள். பாலியஸ்டர் ரெசினில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை முதலில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே, இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தவே கூடாது. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கடையில் கிடைக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது. கேட்டலிஸ்ட் 1 முதல் 2 விழுக்காடு வரை போதும். நம் வெயிலில் 2 விழுக்காடு போட்டால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் ரெசின் இறுகிவிடும். ஆகவே விடிந்து பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிப்பது வழக்கம். இன்னொன்று, பாலியஸ்டர் ரெசின் அலுமினியத்தில் பிடிக்காது. உங்கள் கூரை வெளிப்புறம் அலுமினியம் என்றால் எபாக்சிதான் வேண்டும்.

பணிக்கு ஆள் தேடுவதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். கையில் பிரஷ் பிடிக்கத் தெரிந்த எல்லோரும் படகடியில்தான் இருப்பார்கள்.

இராமேசுவரம் வாடகை வண்டி:

அடிப்பகுதித் துருவுக்கு நாங்கள் பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடுவது வழக்கம். சிலர் தார்ப்பூச்சும் அடிக்கிறார்கள். செலவு குறைவு.

பழைய பணிமனை (பரமக்குடி):

மதிப்பிற்குரிய நண்பருக்கு, இதில் நான் உடன்படவில்லை. கழிவு ஆயில் ஸ்பிரிங் பட்டைகளின் ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், பிரேக்கில் தெறிக்கும், தனுஷ்கோடி மணலிலும் சொட்டும். தார்ப்பூச்சு சுத்தமான இரும்பின் மீது நன்றாக உழைக்கும். ஆனால் துருவின் மீது அடித்தால், உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கி, மேலே கருப்பாக நலமாகத் தெரியும் சட்டம் உள்ளுக்குள் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். சுத்தியலால் தட்டும்போது பூச்சோடு சேர்ந்து இரும்பும் பெயர்ந்து வந்ததை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

நம் கரையின் அரிமானம் சாதாரணமானதல்ல. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்திச் சோதிப்பதற்கு மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு இடைவிடாமல் வண்ணம் பூசியும், முடிவில் அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் பக்கத்துச் சாலைப் பாலத்தைத் தாண்டிப் போய்வரும் வண்டிக்கும் அதற்கேற்ற கவனம் வேண்டும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியை முழுமையாகக் கழுவுங்கள். இராமநாதபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்நீர். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைப்பதாகும். காய்ந்தபின் உரியும் துருவை உளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுங்கள். மீதமுள்ள மெல்லிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவி, அது வேலை செய்து முடித்ததும் துடைத்து, எபாக்சி பிரைமரும் மேற்பூச்சும் அடியுங்கள். இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்த இடத்துக்குத் துத்தநாகப் பிரைமர் மிகவும் நல்லது. துரு இருக்கும் இடத்தில் அதனால் பயனில்லை. பெட்டிச் சட்டங்களின் அடியில் நீர் வடியச் சிறு ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மணல் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடியில் படுத்திருக்கும்போதே பிரேக் குழாய்களையும் பாருங்கள். சட்டத்தை ஒட்டிக் கிளிப்பில் பிடித்திருக்கும் இடங்களில் துணியால் துடைத்துப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் துடைத்தால் போய்விடும். குழியாக இருந்தால் நகம் இடறும். நகம் இடறினால் எனக்கு உடனே எழுதுங்கள்.

தொண்டிப் பயணி:

டயர்களின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள், சகோதரரே. 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கேரவன் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேல்வரி) தேயாமலே ரப்பர் வெடித்துப்போகும். ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதே இல்லை. அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயிலும் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் திறப்பு இருப்பதையும், அதைத் துருவோ மணலோ அடைக்காமல் இருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

உச்சிப்புளி வண்டி:

டயர்களில் பின்பக்க இரண்டும் ஸ்டெப்னியும் மாற்ற வேண்டியவைதாம். கேஸ் குழாய் புதியது. கூரையில் நீர் நுழைந்தது பாம்பன் தம்பி சொன்னதுபோலவே சோலார் தகட்டின் முன்கால் திருகு வழியாக. வண்டி பின் இடதுபக்கம் சற்றுத் தாழ்ந்துதான் நின்றது. வாடைக்காற்று மழைக்கு முன் பலகையை வெட்டி மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் ஐயா, பிரேக் குழாயில் நகம் இடறுகிறது. பின் அச்சுக்குப் போகும் குழாயில், எர்த் திருகு இருந்த அதே சக்கர வளைவின் உட்புறத்தில், ஒரு கை அகலத்துக்குக் குழிகள் இருக்கின்றன. மிதியில் குறை தெரியவில்லை. பிரேக் ஆயில் கருத்திருக்கிறது. மெதுவாக ஓட்டி மதுரைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாமா?

பழைய பணிமனை (பரமக்குடி):

வேண்டாம், தம்பி. மதுரைக்கு மட்டுமல்ல, உச்சிப்புளிக் கடைத்தெருவுக்கும் வண்டியை எடுக்க வேண்டாம். குழி விழுந்த குழாய் சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும். குறுக்கே மாடு வந்து முழு பலத்தோடு மிதிக்கும் அன்றுதான் பிளக்கும். இராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.

குழியுள்ள பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட விடாதீர்கள். முன்னிருந்து பின் அச்சு வரை ஒரே குழாயாக மாற்றச் சொல்லுங்கள். தாமிர-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் நம் கரைக்கு அதுவே ஏற்றது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதால் அதை ஒப்புக்கொள்ள வேண்டாம். முனைகளை இரட்டை மடிப்பாக மடக்க வேண்டும். ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஆயிலை முழுதாக வடித்துப் புதிது ஊற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியிலாவது கொதிக்கும்; ஈரம் ஏறிய பின் அது 140 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். ஈரம் ஏறிய ஆயில் சக்கர சிலிண்டர்களை உள்ளிருந்தும் அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்ற விடாதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி, பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, வேறொருவரை ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் விட்டுக் காலையில் ஆயில் மட்டத்தையும் இணைப்புகளையும் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்காமல், எந்த இணைப்பிலும் ஈரம் இல்லாமல் இருந்தால் வண்டியை எடுக்கலாம்.